மலைப் பள்ளியில் சளியும் காய்ச்சலும்: குளிரைவிடப் பக்கத்து இருக்கையைக் கவனியுங்கள்

நீலகிரியில் ஒரு பிள்ளைக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்தால் வீட்டில் வரும் முதல் கேள்வி, "குல்லா போட்டியா இல்லையா?" என்பதுதான். அடுத்தது, "பனியில விளையாடினியா?" ஊட்டியோ கோத்தகிரியோ, எஸ்டேட் லைன் வீடோ படுகர் ஊரான ஹட்டியோ, எல்லா வீட்டிலும் பழி குளிர்மேல்தான் விழும். பிள்ளைக்கு இன்னொரு சுவெட்டர் ஏறும், ஜன்னல் இறுக மூடப்படும், குளியல் நிற்கும், பச்சைத் தண்ணீரில் கை வைக்காதே என்று உத்தரவும் போடப்படும். எல்லாமே அக்கறையில் செய்வதுதான். ஆனால் இவற்றில் பாதி, நோய் பரவத்தான் உதவுகிறது. ஆகவே கிருமி எங்கிருந்து வருகிறது, ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளைக்கு எப்படிப் போகிறது என்று முதலிலிருந்தே பார்த்துவிடுவோம்.

சளி, ஃப்ளூ, வயிற்றுப்போக்கு, அம்மை, கண்வலி என்று தொடக்கப் பள்ளி வயதில் வரும் தொற்றுகளில் பெரும்பாலானவை வைரஸால் வருகின்றன. சில பாக்டீரியாவால் வருகின்றன. இவை பனியில் பிறப்பவை அல்ல. ஏற்கெனவே தொற்று உள்ள ஒருவரின் மூக்கிலிருந்தோ, வாயிலிருந்தோ, குடலிலிருந்தோ வெளியேறித்தான் அடுத்தவரை அடைகின்றன. ஜனவரியில் உறைபனி விழுந்த அதிகாலையில், ஆளே இல்லாத தேயிலைத் தோட்டத்தில் ஒரு பிள்ளை தனியாக நின்றால் நடுங்கும். சளிக் கிருமி அங்கே அதைத் தேடி வராது.

குளிருக்குப் பங்கே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. குளிர்ந்த, வறண்ட காற்றில் சில வைரஸ்கள் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கின்றன. மூக்கின் உட்பகுதி குளிர்ந்துபோனால் அதன் காவலும் கொஞ்சம் தளர்கிறது. ஆனால் பெரிய பங்கு, குளிருக்குப் பயந்து நாம் செய்யும் காரியங்களுக்குத்தான். ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை ஆரம்பித்தால் வகுப்பறைக் கதவு சாத்தப்படும். முப்பது பிள்ளைகள் தோளோடு தோள் உரச உட்கார்ந்து, ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுத்துக்கொண்டு நாள் முழுக்க இருப்பார்கள். மாலையில் ஷேர் ஜீப்பிலும் அதே கதைதான், கண்ணாடி ஏற்றியபடியே வீடு வரைக்கும்.

ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன். சின்னப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 6 முதல் 8 தடவை சளி பிடிப்பது சாதாரணம். உடல் ஒவ்வொரு கிருமியாகப் பழகிக்கொள்ளும் வயது அது. "என் பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லை" என்று டானிக் பாட்டில்களாக வாங்கிக் குவிக்கத் தேவையில்லை. நம்மால் முடிந்தது, இந்தத் தடவைகளைக் கொஞ்சம் குறைப்பதும், உண்மையில் ஆபத்தான நோய்களை நெருங்கவிடாமல் செய்வதும்தான்.

ஜன்னல்

இருமும்போதும் தும்மும்போதும் பேசும்போதும் வாயிலிருந்து துளிகள் தெறிக்கின்றன. பெரிய துளிகள் சில அடி தூரத்துக்குள் கீழே விழுந்துவிடும். மிகச் சிறியவை காற்றிலேயே மிதக்கும். சாத்திய அறையில் ஊதுபத்தி ஏற்றினால் புகை எப்படி மூலைக்கு மூலை போய்த் தங்குகிறதோ, இவையும் அப்படித்தான். தட்டம்மைக் கிருமி இதில் மோசமானது. நோயுள்ள பிள்ளை அறையை விட்டு வெளியே போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை காற்றில் இருக்கும்.

எதிரெதிர்ப் பக்கம் இரண்டு ஜன்னல்களை நான்கு விரல் அளவுக்குத் திறந்து வைத்தாலே காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். இடைவேளையிலும் பிள்ளைகள் விளையாடப் போகும் நேரத்திலும் கதவையும் ஜன்னலையும் முழுதாகத் திறந்துவிடலாம். மழைச்சாரல் அடிக்கும் பக்கத்தை மூடிக்கொண்டு மறுபக்கத்தை மட்டும் திறப்பதும், ஒன்றுமே திறக்காததைவிட மேல். பிள்ளைக்குச் சுவெட்டர், குல்லா, சாக்ஸ் எல்லாம் தாராளமாகப் போடுங்கள். உடம்பை மூட வேண்டும், அறையை மூடக் கூடாது.

வீட்டுக்கும் இது பொருந்தும். அதைவிடக் கூடுதலாக வீட்டில் விறகுப் புகையும் இருக்கிறது. தினமும் புகையைச் சுவாசிக்கும் பிள்ளையின் நுரையீரலில் நிமோனியா எளிதாகப் பிடித்துக்கொள்ளும். ராத்திரி குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

சுவெட்டர் கையும் சோப்பும்

மலைப் பள்ளி ஒன்றில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் சுவெட்டரைக் கிட்டத்தில் பாருங்கள். வலது கையின் மணிக்கட்டுப் பக்கம் நூல் விறைத்து, காய்ந்த சளியால் வெள்ளையாகப் பளபளக்கும். மூக்கைத் துடைக்கக் கைக்குட்டை தேவைப்படாத வயது. அந்தக் கைதான் அடுத்த நொடி பெஞ்சைத் தொடும், பக்கத்துப் பிள்ளையின் பென்சிலை வாங்கும், பந்தைப் பிடிக்கும், தட்டில் இறங்கும். வாங்கிய பிள்ளை தன் கண்ணைக் கசக்கினால் போதும், கிருமிக்கு வேலை முடிந்தது. சளியும் கண்வலியும் இப்படித்தான் வகுப்பு முழுக்கச் சுற்றுகின்றன.

இருமல் வந்தால் முழங்கையை மடக்கி அதற்குள் இருமச் சொல்லிக் கொடுங்கள். முழங்கை யாருடைய பென்சிலையும் தொடாது. மணிக்கட்டு எல்லாவற்றையும் தொடும். பழைய பருத்தி வேட்டியையோ புடவையையோ கிழித்தால் பத்து கைக்குட்டை தேறும். ஒன்றை ஊக்கு போட்டுச் சட்டையில் குத்திவிட்டு, தினமும் மாற்றுங்கள். மழைக்காலத்தில் கம்பளி சுவெட்டர் காய நாலு நாள் ஆகிறது, தினமும் துவைக்க யாராலும் முடியாது. கைக்குட்டை அடுப்பங்கரைக் கொடியில் ஒரே ராத்திரியில் காய்ந்துவிடும்.

கை கழுவுவதற்கு வருவோம். மலையில் இதற்கு ஒரு தனித் தடை உண்டு: தண்ணீர் சில்லென்று இருக்கும். குழாயில் விரல் நுனியை நனைத்துவிட்டுப் பிள்ளை ஓடிவிடும். வெந்நீரில் கழுவினால்தான் கிருமி சாகும் என்ற எண்ணமும் பலருக்கு இருக்கிறது. கை தாங்கக்கூடிய சூட்டில் எந்தக் கிருமியும் சாகாது. வேலை செய்வது சோப்புதான். பல கிருமிகளின் வெளி உறை கொழுப்பால் ஆனது. சோப்பு அந்தக் கொழுப்பைக் கரைத்து உடைக்கிறது, உடையாதவற்றையும் தோலிலிருந்து பெயர்த்துவிடுகிறது, ஓடும் தண்ணீர் அடித்துக்கொண்டு போகிறது. பச்சைத் தண்ணீரிலும் இது அப்படியே நடக்கும். ஆகவே வெந்நீர் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், சோப்பு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 20 நொடி தேய்க்க வேண்டும். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நகக்கண், கட்டைவிரல் என்று சொல்லிக்கொண்டே தேய்த்தால் அந்த நேரம் தானாக வந்துவிடும். கழுவிய ஈரக் கையைச் சுவெட்டரில் துடைக்கக் கூடாது, மூக்குத் துடைக்காத வேறொரு சுத்தமான கைக்குட்டையில்தான் துடைக்க வேண்டும். ஈரத்தோடு விட்டால் மலைக் குளிரில் தோல் வெடிக்கும். வெடித்த கைக்குச் சோப்பு எரியும், மறுநாள் பிள்ளை குழாய்ப் பக்கமே போகாது. ராத்திரி கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டால் சரியாகிவிடும்.

பள்ளியில் சோப்புக்கட்டியை வெளியே வைத்தால் குரங்கு தூக்கிக்கொண்டு போய்விடும், இல்லாவிட்டால் சாக்கடையில் விழும். சோப்பைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, பழைய சாக்ஸில் போட்டு முடிச்சிட்டு, குழாயிலேயே கட்டிவிட்டு மாலையில் உள்ளே எடுத்து வைக்கலாம். பிள்ளை சாக்ஸைப் பிடித்துத் தேய்த்தால் நுரை வரும். 2022இல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கிய பிறகு, அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் காலையும் மதியமும் பள்ளியிலேயே சாப்பிடுகிறார்கள். வரிசையில் தட்டோடு நிற்பதற்கு முன்னால் குழாய்க்கு ஒரு வரிசை என்று வைத்துவிட்டால், தினமும் இரண்டு தடவை தவறாமல் கை கழுவப் பழகிவிடுவார்கள். கழிப்பறைக்குப் போய் வந்தால் கழுவுவதைத் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். சானிடைசர் இருந்தால் நல்லதுதான், 60 சதவீதத்துக்குக் குறையாத ஆல்கஹால் உள்ளதாக இருக்கட்டும். ஆனால் வாந்தி, வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் நோரோ வைரஸ் போன்றவை அதற்கு அவ்வளவாக அடங்காது. மண்ணும் அழுக்கும் படிந்த கையிலும் அது சரியாக வேலை செய்யாது. சோப்புக்கு ஈடு சோப்புதான்.

ஊற்றுத் தண்ணீர்

மலையில் ஊற்றுத் தண்ணீரை அமிர்தமாக நினைப்போம். கண்ணாடிபோல் தெளிவாகவும் இருக்கும். ஆனால் மேலே மேய்கிற மாட்டின் சாணமும், திறந்தவெளிக் கழிவும், உடைந்த குழாயில் கலக்கும் சாக்கடையும் கண்ணுக்குத் தெரியாது. மழை பெய்த முதல் சில நாட்கள்தான் அதிக ஆபத்து. டைஃபாய்டு, மஞ்சள் காமாலை, வயிற்றுப்போக்கு எல்லாம் இந்த வழியில் வருபவை.

கொதிக்க வைப்பதிலும் மலைக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கிறது. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே தளதளவென்று கொதிக்கத் தொடங்கிவிடும். பருப்பு வேக மாட்டேன் என்று குக்கரை நம்பியிருப்பது இதனால்தான். அந்தச் சூடும் கிருமிகளைக் கொல்லும், கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும், அவ்வளவே. கீழ்நாட்டில் நன்றாகக் கொதித்த பிறகு ஒரு நிமிடம் போதும். 2,000 மீட்டருக்கு மேலே உள்ள ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களில் 3 நிமிடம் கொதிக்க விடுங்கள். குமிழி வந்ததும் அடுப்பை அணைத்துவிடாதீர்கள். ஆறவைத்து மூடிய பாத்திரத்தில் ஊற்றி, பிள்ளைக்கென்று தனி பாட்டிலில் கொடுத்தனுப்புங்கள். பாட்டிலை நண்பர்களோடு வாய்வைத்துப் பகிர வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

எப்போது வீட்டில் நிறுத்துவது

இதுதான் எல்லாவற்றிலும் கடினமானது. தேயிலை பறிக்கும் அம்மா ஒரு நாள் வீட்டில் இருந்தால் அன்றைய கூலி போச்சு. பாட்டி இல்லாத வீட்டில் காய்ச்சல்காரப் பிள்ளையை யாரிடம் விடுவது? பாராசிட்டமால் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்புகிற அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் மருந்து சூட்டைத்தான் இறக்குகிறது, கிருமி அப்படியே இருக்கிறது. பதினோரு மணிக்கு மருந்தின் வேகம் தீர்ந்து பிள்ளை பெஞ்சில் சுருண்டு படுக்கும்போது, சுற்றி உள்ள நாலைந்து பேருக்கும் கொடுத்து முடித்திருக்கும்.

சாதாரண மூக்கொழுகலுக்கும், பிள்ளை உற்சாகமாக இருக்கும்போது வரும் லேசான இருமலுக்கும் பள்ளியை நிறுத்த வேண்டியதில்லை. அப்படி நிறுத்தினால் வருஷத்தில் பாதி நாள் வீட்டில்தான் இருக்க வேண்டும். காய்ச்சல் என்றால், மருந்து கொடுக்காமலேயே 24 மணி நேரம் சூடு இல்லாமல் இருந்த பிறகு அனுப்பலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு நின்று இரண்டு நாள் கழியட்டும். அதுவரை ஒரு லிட்டர் பாக்கெட் ஓஆர்எஸ்ஸைச் சரியாக ஒரு லிட்டர் ஆறிய தண்ணீரில் கரைத்து, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பொன்னுக்கு வீங்கி வந்து கன்னம் வீங்கினால், வீங்கிய நாளிலிருந்து 5 நாள். கை, கால், வாயில் கொப்புளம் வரும் நோயில், காய்ச்சல் விட்டு, வாய்ப்புண் ஆறிச் சாப்பிடத் தொடங்கிய பிறகு அனுப்பலாம். ஆனால் மலத்தில் அந்த வைரஸ் வாரக்கணக்கில் வெளியேறிக்கொண்டிருக்கும், அதனால் கழிப்பறைக்குப் பின் சோப்பு கட்டாயம்.

பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். நூறு சதவீத வருகைக்குப் பரிசு கொடுக்கும் வழக்கத்தைத் தொடக்கப் பள்ளியில் விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்தப் பரிசுக்காகக் காய்ச்சலோடு வரும் பிள்ளைக்கும் கெடுதல், வகுப்புக்கும் கெடுதல்.

அம்மை விஷயத்தில் நம் ஊர் வழக்கம் பாதி வேலையைத் தானே செய்துவிடுகிறது. வாசலில் வேப்பிலை கட்டி, பிள்ளையைத் தனியாகப் படுக்க வைத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வெளியாள் வராமல் பார்த்துக்கொள்வது நல்ல தனிமைப்படுத்தல். சின்னம்மைக் கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை அது தொற்றும். அதற்கு முன்னால் தலைக்கு ஊற்றிவிட்டாலும் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம். ஆஸ்பிரின் மாத்திரை மட்டும் கொடுக்கவே கூடாது, பிள்ளைகளுக்குச் சின்னம்மையிலும் ஃப்ளூவிலும் அது கல்லீரலையும் மூளையையும் தாக்கக்கூடும். அம்மை வந்தால் மருத்துவரிடம் போகக் கூடாது என்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வேப்பிலையும் இருக்கட்டும், மருத்துவரும் பார்க்கட்டும். பள்ளிக்கும் உடனே தகவல் சொல்லுங்கள். கர்ப்பமாக இருக்கும் டீச்சர் யாராவது இருந்தால் அவர் தள்ளி இருந்துகொள்ள வேண்டும்.

ஊசி

குன்னூரில் உள்ள பாஸ்டர் நிறுவனம் 1907இல் வெறிநாய்க்கடிக்குச் சிகிச்சை தரத் தொடங்கியது, பின்னர் முத்தடுப்பு ஊசி மருந்தும் தயாரித்தது. தடுப்பூசி இந்த மலைக்கு வெளியிலிருந்து வந்த புதுச் சரக்கு இல்லை. ஆனாலும் பள்ளியில் சேர்த்த பிறகு ஊசி மறந்துபோகிறது. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி மூன்றுக்குமான ஊக்க ஊசி 5 வயதில் ஒன்று உண்டு. 10 வயதில் ரண ஜன்னி, தொண்டை அடைப்பான் இரண்டுக்கும் சேர்ந்த ஊசி. தட்டம்மை–ரூபெல்லா இரண்டு தவணையும் ஒன்றரை, இரண்டு வயதுக்குள் முடிந்திருக்க வேண்டும், விட்டுப்போயிருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். இவை எல்லாம் இலவசம். சின்னம்மைக்கும் பொன்னுக்கு வீங்கிக்கும் ஆண்டுதோறும் போடும் ஃப்ளூவுக்கும் உள்ள ஊசிகளைக் காசு கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கிறது. வீசிங் உள்ள பிள்ளையாக இருந்தால் ஃப்ளூ ஊசி பற்றி மருத்துவரிடம் கட்டாயம் பேசுங்கள்.

குரங்கோ நாயோ கடித்தாலும் பிறாண்டினாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஊசிக்குப் போய்விடுங்கள். திட்டு விழும் என்று பிள்ளைகள் மறைப்பார்கள். சொன்னால் திட்ட மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

பூச்சி மாத்திரை பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியிலேயே கொடுப்பார்கள். அன்று பிள்ளை விடுமுறை எடுத்திருந்தால் விடுபட்டவர்களுக்கான நாளில் வாங்கிக்கொள்ளலாம். ஈரமண்ணில் வெறுங்காலோடு நடந்தால் கொக்கிப்புழு பாதம் வழியாகவே ஏறிவிடும், தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் செருப்பு அவசியம்.

பேன், சிரங்கு

பேன் பறக்காது, குதிக்காது. தலையும் தலையும் ஒட்டும்போதுதான் ஏறும். குல்லா, சீப்பு பகிர்வதாலும் கொஞ்சம் வரலாம். பேனுக்காகப் பிள்ளையை வீட்டில் நிறுத்தவோ, வகுப்பில் தனியாக உட்கார வைக்கவோ வேண்டாம், அது பிள்ளையின் மனசைத்தான் நோகடிக்கும். பேன் மருந்து போட்ட பிறகு, முடியை நனைத்துப் பேன் சீப்பால் வாரி, ஒரு வாரம் கழித்து மறுபடியும் மருந்து போட வேண்டும். முதல் தடவை தப்பிய ஈர் அதற்குள் பொரித்திருக்கும்.

விரலிடுக்கில் பொடிப்பொடியாக வந்து ராத்திரியில் அரிப்பு கூடினால் அது சிரங்காக இருக்கலாம். ஒரு பிள்ளைக்கு மட்டும் மருந்து தடவினால் போகாது. வீட்டில் உள்ள எல்லோரும், அரிப்பு இல்லாதவர்களும் உட்பட, ஒரே ராத்திரியில் தடவ வேண்டும். கம்பளியையும் போர்வையையும் வெயிலில் போடச் சொல்வார்கள், ஆகஸ்டு மாதம் ஊட்டியில் வெயிலுக்கு எங்கே போவது? ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி ஒரு வாரம் தொடாமல் வைத்தால், மனித உடம்பு கிடைக்காமல் அந்தப் பூச்சி செத்துவிடும்.

காத்திருக்கக் கூடாத நேரம்

சாதாரணச் சளிக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது, மருந்துக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். ஆனால் சளியோ இருமலோ இல்லாமல் தொண்டை மட்டும் கடுமையாக வலித்து, காய்ச்சலும் வந்தால் மருத்துவர் பார்க்க வேண்டும். ஸ்ட்ரெப் என்ற பாக்டீரியாவாக இருந்தால், விட்டுவிடுவது பின்னாளில் இதய வால்வைப் பாதிக்கக்கூடும். மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தை, இரண்டாம் நாளே வலி போய்விட்டாலும், முழுதாக முடிக்க வேண்டும். சில நாட்கள் ஆகியும் காய்ச்சல் விடாமல், உடம்பில் எங்காவது வலிக்காத கருப்புப் பொருக்கு தெரிந்தால், அதை மருத்துவரிடம் காட்டுங்கள். புதர்களில் இருக்கும் சிறு பூச்சி கடித்து வரும் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம்.

மூச்சு வேகமாக வாங்குவது, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது, உதடு நீலமாவது, வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம், பல மணி நேரம் சிறுநீர் போகாமல் இருப்பது: இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல் 108ஐ அழையுங்கள். மலைச் சாலையில் வண்டி வந்து சேரத் தாமதமாகும், அதையும் கணக்கில் வைத்து முன்கூட்டியே அழைக்க வேண்டும். சந்தேகம் கேட்க மட்டும் என்றால் 104 இருக்கிறது.

அரிவாள் செல் இரத்தசோகை (இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துபோகும் பரம்பரைக் குறைபாடு) உள்ள பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தியாவில் இந்தக் குறைபாடு முதன்முதலில் 1952இல் கண்டறியப்பட்டது நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். பணியர், இருளர், குறும்பர் குடும்பங்களில் இன்றும் இருக்கிறது. இந்தப் பிள்ளைகளின் மண்ணீரல் கிருமிகளை வடிகட்டும் வேலையைச் சரியாகச் செய்யாததால், மற்றவர்களுக்கு இரண்டு நாள் காய்ச்சலாக முடிவது இவர்களுக்குச் சில மணி நேரத்தில் உயிராபத்தாக மாறலாம். காய்ச்சல் என்றால் அன்றே, அந்த நேரமே மருத்துவமனை. குளிரும், உடம்பில் தண்ணீர் குறைவதும் இவர்களுக்கு உடல் வலியைக் கிளப்பிவிடும். ஆகவே கம்பளியும் அடிக்கடி குடிக்கத் தண்ணீரும் இவர்களுக்கு மற்ற பிள்ளைகளைவிட அவசியம். பரிசோதனைச் சீட்டின் நகல் ஒன்றை வகுப்பு ஆசிரியரிடம் கொடுத்து, காய்ச்சல் கண்டால் யாருக்கு போன் செய்ய வேண்டும், எந்த மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும் என்று அதன் பின்பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.